தொலைவிலிருந்து ஓர் ஏவல்

சென்ற சனிக்கிழமை காலை, தேக்காவில் பஃபலோ சாலைக் கடையொன்றில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது என் பழைய மாணவன் ஒருவனின் தாயாரைச் சந்தித்தேன். பையன் இப்போது உயர்நிலைப்பள்ளியில் படிக்கிறான். பள்ளிப் பாடங்களுக்காக வாங்கிய கைக்கணினியைப் பற்றிப் பேச்சு வந்தது. முருங்கைக்காயைத் தேர்ந்து எடுத்துக்கொண்டே அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், கருவி எங்க வீட்டு மேசைமேலதான் இருக்கு. எங்கேயோ இருக்கிற ஒருத்தர் அதைத் தொடாமலே உள்ளே இருக்கிறதையெல்லாம் அழிச்சிட முடியுமாமே. அது எப்படி?"

"முடியும் அம்மா. நானே அப்படி ஒன்றை அழித்திருக்கிறேன்" என்றேன். நான் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று எண்ணி அவர் சிரித்துவிட்டார். கடை வாசலில் நின்று விளக்குகிற செய்தி அன்று என்பதால் நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த விளக்கத்தை இங்கே எழுதுகிறேன். நான் கணினி வல்லுநர் அல்லேன். தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

நான் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது நா. கோவிந்தசாமி அவர்கள் மறைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே விரிவுரையாளராக இருந்தவர். 'கணியன்' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். 1990களின் நடுவில் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர். 1999இல் அவர் காலமானார். அவரை நேரில் காணும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. ஆயினும் தமிழாசிரியருக்குக் கணினி அயலான பொருள் அன்று என்னும் எண்ணம் அவர் விட்டுச்சென்ற சூழலிலிருந்துதான் எனக்கு வந்தது. அந்தத் துணிவில்தான் நானும் ஒரு சிறு வழங்கியை வாடகைக்கு எடுத்தேன்.

வழங்கி என்பது சர்வர். எந்நேரமும் விழித்திருந்து, கேட்பவருக்குக் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் கணினி. அது நம் வீட்டில் இருப்பதில்லை. தரவு நிலையம் எனப்படும் கட்டடத்தில், குளிரூட்டப்பட்ட அறையில், ஆயிரக்கணக்கான கணினிகளோடு அடுக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு பகுதியை மாத வாடகைக்குத் தருகிறார்கள். அமேசான் நிறுவனம் 2006இல் இந்த முறையைப் பெரிய அளவில் தொடங்கி, 2010இல் சிங்கப்பூரிலும் அதற்கென நிலையங்களை அமைத்தது. இன்று இத்தகைய சேவை தருவோர் பலர். நான் எடுத்தது வேறொரு சிறிய நிறுவனத்தில். உணவங்காடியில் இரண்டு வேளை சாப்பிடும் காசுதான் மாத வாடகை.

அந்த வழங்கியில் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோர் சிலருடன் சேர்ந்து ஒரு வார இறுதி வாசிப்புக் குழு நடத்திவந்தேன். 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தோம். வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் பழைய தேக்காவைப் பற்றிக் கேட்டு, அவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்துவர வேண்டும். நாற்பத்தொரு பதிவுகள் சேர்ந்தன. பெற்றோரின் ஒப்புதலோடு, கடவுச்சொல் உள்ளவர்கள் மட்டும் கேட்குமாறு அவற்றை ஏற்றி வைத்தோம். சிராங்கூன் சாலையில் பல ஆண்டுகள் பூக்கட்டிய பாட்டி ஒருவர், பேரனின் கையைப் பிடித்து முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து, "இதுதான்டா முழம்" என்று சொல்லும் பதிவு அவற்றில் ஒன்று. 'முழம்', 'சாண்' என்னும் சொற்களை நான் வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பதிவைக் கேட்ட பிள்ளைகளுக்கு அவற்றை மறுபடியும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் அந்த வழங்கியைக் கண்ணால் கண்டதே இல்லை. நிறுவனத்தின் இணையப்பக்கத்தில் நுழைந்தால் கட்டுப்பாட்டுப் பக்கம் ஒன்று வரும். இயக்கு, நிறுத்து, நகலெடு, அழி எனப் பொத்தான்கள் இருக்கும். தொடக்கத்தில் அவற்றைச் சொடுக்கித்தான் எல்லாம் செய்தேன். கணினித்துறையில் பணிபுரியும் என் தம்பி மகன் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, "இவ்வளவு சொடுக்கத் தேவையில்லை அத்தை. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு வாசல் இருக்கிறது. நீங்கள் எழுதும் சிறு நிரலே நேராக அங்கே போய்ச் சொல்லிவிடும்" என்றான்.

அந்த வாசலைத்தான் இணையச் சேவை இடைமுகம் என்கிறார்கள். நிரலர்கள் 'ஏபிஐ' என்று சுருக்கிச் சொல்வார்கள். நாம் உலாவியில் ஒரு பக்கத்தைக் கேட்கும் அதே வழியில்தான் இதுவும் இயங்குகிறது. ஒரு முகவரி, ஒரு வினைச்சொல், 'நான் இன்னார்' என்று காட்டும் நீண்ட திறவுகோல் எழுத்துத்தொடர். இவை மூன்றும் சேர்ந்தால் ஒரு கட்டளை. மறுமுனையிலிருந்து மூன்றிலக்க எண் ஒன்று பதிலாக வரும். 200 என்றால் நடந்தது. 401 என்றால் நீ யார் என்று தெரியவில்லை. 403 என்றால் உனக்கு அனுமதி இல்லை. 404 என்றால் கேட்ட பொருள் இங்கே இல்லை.

வினைச்சொற்களைத் தமிழாசிரியர்கள் கவனிக்க வேண்டும். 'கெட்' என்றால் எடுத்துக் காட்டு. 'போஸ்ட்' என்றால் புதிதாகச் சேர். 'புட்' என்றால் மாற்றி வை. 'டெலீட்' என்றால் நீக்கு. டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் வகுத்த முதல் வடிவத்தில் 'கெட்' ஒன்றுதான் இருந்தது. இணையம் அன்று படிப்பதற்கு மட்டுமே. பிறகு மற்ற வினைகள் சேர்ந்தன. இந்தச் சில வினைகளைக் கொண்டே எதையும் ஆளலாம் என்னும் வடிவமைப்பு முறையை ராய் ஃபீல்டிங் என்பவர் 2000ஆம் ஆண்டில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கினார். வழங்கிகளைத் தொலைவிலிருந்து ஆளும் சேவைகள் பலவும் இன்று அந்த முறையைத் தழுவியவை.

இவை யாவும் ஏவல் வினைகள். தமிழில் வினைப்பகுதியே தனித்து நின்று ஏவல் ஆகும் என்று நாம் கற்பிக்கிறோம்: நட, வா, எடு, நீக்கு. ஏவல் முன்னிலைக்கு உரியது என்றும் கற்பிக்கிறோம். முன்னால் நிற்பவரிடம்தான் ஏவ முடியும். வகுப்பில் ஒரு பையனிடம் "கரும்பலகையை அழி" என்றால், அவன் தயங்கி, "டீச்சர், இன்னும் பாதிப்பேர் எழுதி முடிக்கவில்லையே" என்பான். நானும் "சரி, பொறு" என்பேன். அந்தப் பையனின் தயக்கத்தால் எத்தனை நாள் என் அவசரம் திருத்தப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தொலைவிலுள்ள கணினிக்கு அந்தத் தயக்கம் இல்லை. யாராவது ஒருவர் அதை அங்கே முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

2022 டிசம்பர் விடுமுறையில் எனக்கு அது புரிந்தது. கட்டளைகளைப் பழகிப் பார்ப்பதற்காகப் 'பயிற்சி' என்று பெயரிட்டு இன்னொரு வழங்கியை எடுத்திருந்தேன். பழகியாயிற்று, இனி வாடகை வீண் என்று அதை நீக்க முற்பட்டேன். வழங்கிகளுக்குப் பெயர் இருந்தாலும் இடைமுகம் அவற்றை நீண்ட எண்ணால்தான் அறியும். இரண்டு எண்களும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே இருந்ததை எடுத்து ஒட்டினேன். 'நீக்கு' என்று அனுப்பினேன். ஒரு நொடியில் பதில் வந்தது: 204. கட்டளை நிறைவேறியது, சொல்வதற்கு வேறு உள்ளடக்கம் இல்லை என்று அதற்குப் பொருள்.

நீங்கியது பயிற்சி வழங்கி அன்று.

வாரந்தோறும் நகலெடுக்கக் காசு கட்டியிருந்தேன். அந்த நகல்கள் வழங்கியோடு பிணைக்கப்பட்டவை. வழங்கியை நீக்கினால் அவையும் சேர்ந்து நீங்கும் என்று விதிமுறையில் எழுதியிருந்தார்கள். நான் படிக்கவில்லை. நிறுவனத்தாருக்கு அன்றிரவே எழுதினேன். மீட்க வழியில்லை என்று பணிவாகப் பதில் எழுதினார்கள். அவர்கள்மீது குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அதே வழங்கியை இணையப்பக்கத்தில் பொத்தானைச் சொடுக்கி நீக்க முயன்றிருந்தால், அதன் பெயரைத் தட்டச்சு செய்து உறுதிப்படுத்து என்று கேட்டிருக்கும். பெயரைத் தட்டும்போது என் கை நின்றிருக்கும். நேர் வாசலில் அந்தக் கேள்வி கிடையாது. விரைவுக்காக நான் விட்டுவந்தது அந்த ஒரு கேள்வியைத்தான்.

என்னைத் தேற்றுவதற்காகத் தம்பி மகன் ஒரு நிகழ்வைச் சொன்னான். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் சேமிப்புச் சேவையில், அனுமதி பெற்ற ஊழியர் ஒருவர் சில வழங்கிகளை மட்டும் விலக்க ஒரு கட்டளை கொடுத்தார். அதில் ஒரு பகுதி தவறாகத் தட்டச்சாகி, எண்ணியதைவிடப் பல வழங்கிகள் விலகின. அமெரிக்காவில் எண்ணற்ற இணையத்தளங்கள் சுமார் நான்கு மணி நேரம் தடுமாறின. அமேசான் தன் அறிக்கையில் இதை வெளிப்படையாகச் சொன்னது. அந்தக் கருவி இனி மெதுவாகவே விலக்கும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் கட்டளையை ஏற்காது என்று திருத்தியதாகவும் தெரிவித்தது. நான் வகுப்பில் சொல்லும் அந்தப் பையனின் தயக்கத்தை அவர்கள் கருவிக்குள் எழுதி வைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

2021 அக்டோபர் 4 அன்று நடந்தது இன்னொரு வகை. ஃபேஸ்புக் நிறுவனத்தில் பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அதன் தரவு நிலையங்களை இணைக்கும் வலையமைப்பையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுக்க வைத்திருந்த கருவியும் பிழையால் அதைத் தடுக்கவில்லை. தொலைவிலிருந்து சரிசெய்யலாம் என்றால், தொலைவிலிருந்து நுழையும் வழியும் அந்த வலையமைப்பிலேயே இருந்தது. பொறியாளர்கள் தரவு நிலையங்களுக்கு நேரில் செல்ல வேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆனது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். தொலைவிலிருந்து ஆள்பவருக்கு, கால்நடையாகப் போய்ச் சேரும் வழி ஒன்றும் இருக்க வேண்டும்.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டதற்குக் காரணம் 2024இல் நம் ஊரிலேயே நடந்தது. மாணவர்களின் கைக்கணினிகளில் கற்றலுக்குத் தொடர்பற்ற பக்கங்களைத் தடுக்கவும், பயன்படுத்தும் நேரத்தை வரையறுக்கவும் நிர்வாக மென்பொருள் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதன் மையம் வேறோர் இடத்திலுள்ள வழங்கி. கருவி இணையத்தில் இருக்கும்போதெல்லாம் அந்த வழங்கியின் கட்டளைக்குச் செவிகொடுக்கும். 'பூட்டு', 'இந்தச் செயலியைச் சேர்', 'எல்லாவற்றையும் அழி' என்பன அந்தக் கட்டளைகளுள் சில. கருவி தொலைந்துபோனால் உள்ளிருக்கும் தகவல் பிறர் கையில் சிக்காமல் இருக்கத்தான் அழிக்கும் கட்டளை ஏற்பட்டது. நல்ல நோக்கத்துக்கு ஏற்பட்டதுதான்.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை இரவு. பள்ளிகள் அப்போது பயன்படுத்திவந்த 'மொபைல் கார்டியன்' என்னும் அத்தகைய மென்பொருளின் தளத்துக்குள் அனுமதியின்றி யாரோ நுழைந்தார்கள். அந்தத் தளத்தை உலகின் பல பகுதிகளில் பயன்படுத்திவந்தார்கள். சிங்கப்பூரில் மட்டும் 26 உயர்நிலைப்பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கருவிகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. மறுநாளே, எல்லா ஐபேட், குரோம்புக் கருவிகளிலிருந்தும் அந்த மென்பொருளை நீக்கப்போவதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. கருவிகளைச் சீராக்கப் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆட்களை அனுப்பினார்கள். குறிப்புகளை வேறு இடத்திலும் வைத்திருந்த மாணவர்கள் மீட்டுக்கொண்டார்கள். கருவியில் மட்டுமே வைத்திருந்தவர்களுக்கு இழப்புத்தான். தேர்வுக்கு ஆயத்தமாகும் மாதம் அது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் 204 நினைவுக்கு வந்தது. என்னுடையது கவனக்குறைவு, அது அத்துமீறல். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் இரண்டிலும் மறுமுனைக் கணினி ஒன்றையேதான் பார்த்தது: அனுமதி சரியாக இருக்கிறதா? இருந்தது. ஏவியவரின் எண்ணத்தை அது அறியாது. அழியப்போவது பழைய விளையாட்டுச் செயலியா, ஓராண்டு உழைத்து எழுதிய குறிப்பா என்பதையும் அது அறியாது.

பதிவுகளுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் முடிக்க முடியாது. குழுவிலிருந்த பெற்றோர் எல்லாருக்கும் நடந்ததை எழுதி, கைப்பேசியில் மூலப்பதிவு இருந்தால் அனுப்புமாறு வேண்டினேன். இருபத்து மூன்று பதிவுகள் திரும்பி வந்தன. மற்றவர்கள் இதற்குள் கைப்பேசியை மாற்றியிருந்தார்கள். டீச்சரிடம் இருக்கிறதே என்று அழித்தும் இருந்தார்கள். என்னை நம்பித்தான் அழித்தார்கள்.

பூக்கட்டும் பாட்டி 2021இல் காலமாகியிருந்தார். அவருடைய மருமகள் 2023இன் தொடக்கத்தில், ஆண்டுத் திதிக்கு உறவினர் கூடும்போது அந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று என்னை அழைத்தார். குழுவுக்கு எழுதிய என் கடிதம் அவருடைய பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போய் அவர் பார்க்காமலே இருந்திருக்கிறது. தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேச்சு இல்லை. பிறகு, "பரவாயில்லை டீச்சர், வேணும்னா செஞ்சீங்க" என்றார். அந்தக் கனிவை ஏற்றுக்கொள்வது எளிதாக இல்லை. அவர் கோபித்துக்கொண்டிருக்கலாம் என்றுகூட எண்ணினேன்.

அதன் பிறகு நான் மாற்றிக்கொண்ட பழக்கங்களைச் சொல்கிறேன். சிறு தளம் நடத்தும் ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

முதலாவது, திறவுகோலைப் பிரித்தேன். அன்றாட வேலைக்குப் பார்க்க மட்டும் அனுமதியுள்ள திறவுகோல். நீக்கும் அனுமதியுள்ளது என் மடிக்கணினியில் இல்லை. தேவைப்படும் அன்று உருவாக்கி, அன்றே செல்லாததாக்கிவிடுவேன். திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்னும் 52ஆம் அதிகாரம் உண்டு. செயல், அதைச் செய்யும் வழி, செய்பவர் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்துப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. திறவுகோலுக்கும் அது பொருந்தும். எல்லாக் கதவையும் திறக்கும் சாவியை எந்த நிரலிலும் எழுதி வைக்கக் கூடாது.

இரண்டாவது, 'நீக்கு' என்பதற்கு முன் 'எடுத்துக் காட்டு' என்று கேட்பேன். அந்த எண்ணுக்குரிய பெயரை அது காட்டும். அதை வாய்விட்டுப் படிப்பேன். வீட்டில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

மூன்றாவது, உடனே நீக்குவதில்லை. வழங்கியை அணைத்துவிட்டு ஏழு நாள் பொறுப்பேன். யாரும் எதையும் தேடவில்லை என்றால் பிறகு நீக்குவேன். ஒரு வார வாடகை வீண்தான். அந்த வாடகையில் நான் யோசிக்க நேரம் வாங்குகிறேன்.

நான்காவது, மூன்று பிரதிகள். கணினியாளர்கள் பழைய விதியொன்று சொல்வார்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். இப்போது பதிவுகள் வழங்கியில் உள்ளன. என் வீட்டு அலமாரியில் ஒரு வன்தட்டில் உள்ளன. அந்தந்தக் குடும்பத்தாரிடமும் உள்ளன. ஒன்றை அழிக்கும் கட்டளை மற்றொன்றைத் தொட முடியாதபடி அவை பிரிந்திருக்க வேண்டும். கட்டளை எட்டாத இடத்தில் இருப்பதுதான் நகல்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளிக் கருவியில் நிர்வாக மென்பொருள் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். சிறு பிள்ளைகளின் கையில் கட்டுப்பாடற்ற கருவியைக் கொடுப்பது அதைவிட நல்லதன்று. ஆனால் உங்கள் பிள்ளையை அருகில் உட்காரவைத்து, "உன் குறிப்புகள் இந்தக் கருவியைத் தவிர வேறு எங்கே இருக்கின்றன?" என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் இன்றைக்கே ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். முக்கியமானதைத் தாளில் எழுதும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டாம். எந்தத் தொலைதூரக் கட்டளையும் நோட்டுப் புத்தகத்தைத் துடைப்பதில்லை.

பாட்டியின் பேரனைச் சென்ற ஆண்டு பொங்கல் சமயத்தில் கேம்பல் லேனில் பார்த்தேன். என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். அவன் முழங்கையை மடக்கிக் காட்டி, "பாட்டி எப்படி அளந்தாங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றான். அப்படியென்றால் அதை உன் குரலில் சொல்லிப் பதிவு செய்து கொடு என்று கேட்டேன். இரண்டு வாரத்தில் அனுப்பினான். மூன்று நிமிடப் பதிவு. பாட்டியின் குரல் அதில் இல்லை. அந்த முழம் இருக்கிறது. அது இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. அவற்றுள் ஒன்று அவன் தாயாரிடம்.